நரம்பு உறைக் கட்டி: கண்டுபிடிக்க உதவும் பரிசோதனைகள் எந்த அளவுக்குத் தேறும்?

முன்கையிலோ தொடையிலோ ஒரு உருண்டை. பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு நகர்கிறது. நீளவாக்கில் மேலும் கீழும் தள்ளினால் நட்டு வைத்த மாதிரி நிற்கிறது. விரல் நுனியால் அதன் மேல் இரண்டு தட்டு தட்டினால், கீழே விரல்கள் வரை ஷாக் அடிக்கிறது. அரை நிமிடப் பரிசோதனை, கருவி எதுவும் வேண்டாம். நரம்பு உறைக் கட்டியோ என்ற சந்தேகத்தைக் கிளப்புவதில் இதற்கு நிகரான பரிசோதனை வேறில்லை. ஆனாலும் பல நேரம் இதை யாரும் செய்து பார்ப்பதில்லை. "கொழுப்புக் கட்டிதான், தொந்தரவாக இருந்தால் எடுத்துவிடலாம்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. ஸ்கேன் பார்க்காமல் கத்தி வைத்து, கட்டியோடு நரம்பையும் சேர்த்து அறுத்து, மணிக்கட்டு தொங்கிய பிறகு பேத்தாலஜி ரிப்போர்ட்டில் "ஷ்வானோமா" என்று படிப்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த, தவிர்த்திருக்கக்கூடிய விபத்து.

இங்கே மதிப்பிடுவது பரிசோதனைகளை மட்டுமே: கைப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ, பெட், ஊசி, மைக்ரோஸ்கோப், மரபணு. எது எதைச் சொல்லும், எங்கே கைவிடும், எதை எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பதுதான் விஷயம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடலாம். இவற்றில் தனியாக நின்று முழுப் பதிலைத் தருவது எதுவுமில்லை. தவறுகளில் பெரும்பங்கு கருவியின் குறையால் வருவதில்லை; தவறான இடத்தைப் பார்த்ததாலோ, தவறான கேள்வியை எழுதி அனுப்பியதாலோ வருபவை.

எதைத் தேடுகிறோம்

நரம்பைப் போர்த்தியிருக்கும் செல்களிலிருந்து வளர்பவை இந்தக் கட்டிகள். அடிக்கடி பார்ப்பது இரண்டு. ஷ்வானோமா நரம்பை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, தனக்கென்று ஓர் உறை போட்டுக்கொண்டு ஓரமாக உட்காரும். நியூரோஃபைப்ரோமா நரம்பிழைகளுக்கு நடுவே ஊடும் பாவுமாகப் பின்னிக்கொள்ளும். அறுவை சிகிச்சையில் இந்த வேறுபாடு பெரிது. முன்னதை உறையைத் திறந்து, பெரும்பாலும் நரம்பைக் காப்பாற்றியே எடுத்துவிடலாம். பின்னதில் கட்டிக்குள் ஓடும் இழைகளைப் பிரித்தெடுப்பது கடினம், சேதம் இல்லாமல் முடியும் என்று யாரும் உறுதி தர முடியாது.

அபூர்வமானவை இவற்றுக்கு அப்பால் இருக்கின்றன. நரம்புக்குள்ளேயே வளரும் பெரிநியூரியோமா, இரண்டு வகை கலந்த ஹைப்ரிட் கட்டிகள், தோலடியிலும் நாக்கிலும் வரும் கிரானுலர் செல் கட்டி, கருநிறமி கொண்ட மெலனோடிக் கட்டி, எல்லோரும் பயப்படும் எம்பிஎன்எஸ்டி என்ற புற்று. எம்பிஎன்எஸ்டியில் ஏறக்குறைய பாதி, என்எஃப்1 என்ற மரபுக் குறைபாடு உள்ளவர்களுக்கு வருகிறது. அவர்களுக்கு வாழ்நாளில் இது வரும் வாய்ப்பு 8 முதல் 13 சதவீதம் என்று பாடநூல்கள் சொல்கின்றன. பத்தில் ஒன்று போல, முன்பு வேறு ஏதோ நோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் பல வருடம் கழித்து முளைக்கிறது. அதனால்தான் கட்டியைப் பார்ப்பதற்கு முன் தோலைப் பார்க்க வேண்டும், பழைய சிகிச்சை விவரத்தைக் கேட்க வேண்டும். பால் விட்ட காபி நிறத்தில் 6 அல்லது அதற்கு மேல் தேமல்கள் (பருவத்துக்குப் பிறகு ஒவ்வொன்றும் 15 மில்லிமீட்டருக்கு மேல், குழந்தையானால் 5-க்கு மேல்), அக்குளில் சிறு புள்ளிகள் என்று இருந்தால் இனி வரும் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் வேறு கண்ணோடுதான் படிக்க வேண்டும்.

கைப் பரிசோதனைக்கு எட்டாத இடங்கள் உண்டு. இடுப்புக்குழி, முதுகெலும்பின் முன்பக்கம், கழுத்தெலும்புக்குப் பின்னால் இருக்கும் நரம்புப் பின்னல் ஆகியவற்றில் பல நேரம் எதுவும் தட்டுப்படாது. அங்கே வலியும் பலவீனமும்தான் முதல் தகவல். ராத்திரியில் எழுப்பும் வலி, புதிதாக வந்த பலவீனம், சில வாரங்களில் கண்ணுக்குத் தெரிந்து பெருத்தது, இதுவரை மெத்தென்று இருந்தது கல் மாதிரி ஆனது: இந்த நான்கில் எது இருந்தாலும் "ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

அல்ட்ராசவுண்ட்: மேலோட்டமான இடத்துக்கு நல்ல வேலைக்காரன்

தோலுக்கு ஓரிரு சென்டிமீட்டர் அடியில் இருக்கும் கட்டிக்கு முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். 12 மெகாஹெர்ட்ஸுக்கு மேலான ப்ரோப் வேண்டும். வயிற்றைப் பார்க்கும் ப்ரோபில் ஒன்றும் தேறாது. பார்ப்பவர் கட்டியின் இரு முனைகளிலும் நின்று, அதற்குள் ஒரு நரம்பு நுழைகிறதா, மறுபுறம் வெளியே வருகிறதா என்று தேடினால் வேலை முடிந்தது. கருத்த, வழவழப்பான உருண்டையின் இரண்டு பக்கமும் வால் மாதிரி நரம்பு நீண்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. கட்டியை மட்டும் அளந்து "2.3 சென்டிமீட்டர் திடக் கட்டி" என்று எழுதி அனுப்பினால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஷ்வானோமா ஒரே சீரான கருமையோடு இருந்து, அதற்குப் பின்னால் வெளிச்சம் கூடித் தெரியும்போது நீர்க்கட்டி என்று எழுதிவிடுகிறார்கள். டாப்ளரை ஆன் செய்து உள்ளே ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்த்தாலே போதும். நீர்க்கட்டிக்குள் ரத்தக் குழாய் ஓடாது. மணிக்கட்டில் "கேங்க்ளியன்" என்று ஊசி குத்தி உறிஞ்சப் போய், நோயாளி அலறியபின் விஷயம் தெரிவது இப்படித்தான். இன்னொன்று கழுத்து. அங்கே இதை நெறிகட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். நெறிகட்டியின் நடுவில் கொழுப்புப் பள்ளம் ஒன்று இருக்கும், ரத்தக் குழாய் அது வழியாக நுழையும். நரம்புக் கட்டியில் அது கிடையாது.

ஷ்வானோமாவா நியூரோஃபைப்ரோமாவா என்று இதை வைத்துப் பிரிக்க முயல வேண்டாம். நல்லதா கெட்டதா என்று பிரிக்கவும் இது போதாது.

எம்ஆர்ஐ: அச்சாணி இதுதான், ஆனால் எங்கே எடுக்கிறோம்?

இந்த நோயறிதலில் அதிக எடை தாங்குவது எம்ஆர்ஐ. அதிகம் வீணாக்கப்படுவதும் இதுதான். காலில் ஷாக் அடிக்கிற வலி என்றதும் இடுப்பு முதுகெலும்புக்கு எம்ஆர்ஐ எழுதப்படுகிறது. அந்த வயதில் யாருக்கும் இருக்கும் ஒரு சிறிய டிஸ்க் பிதுங்கல் அதில் தெரியும். பழி அதன் தலையில் விழும், பிசியோதெரபி தொடங்கும். கட்டி இருப்பதோ புட்டத்துக்கு அடியில் சியாட்டிக் நரம்பில், அல்லது தொடையின் நடுவில். அதே முதுகெலும்பு எம்ஆர்ஐ மூன்று முறை எடுக்கப்பட்டும் படத்தின் விளிம்புக்கு வெளியே அது பத்திரமாக இருக்கும். டிஸ்க் தெரியும் மட்டமும் வலி ஓடும் பாதையும் ஒத்துப்போகவில்லை என்றால், இருமினால் தும்மினால் வலி கூடவில்லை ஆனால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் உட்கார்ந்தால் கூடுகிறது என்றால், அடுத்த ஸ்கேன் இடுப்புக்குழியிலிருந்து முழங்கால் வரை நரம்பைத் தொடர்ந்து எடுக்கப்பட வேண்டும்.

கட்டி கைக்குத் தட்டுப்பட்டால், அந்த இடத்தில் தோல் மேல் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டிவிட்டு ஸ்கேனுக்குள் அனுப்புவது பழைய, கச்சிதமான உத்தி. படத்தில் அது வெள்ளைப் பொட்டாகத் தெரியும். ரேடியாலஜிஸ்ட் வேறெங்கோ தேட வேண்டியிருக்காது.

படிவத்தில் எழுத வேண்டியவை: எந்த நரம்பு என்று சந்தேகம், தட்டினால் எங்கே ஷாக் போகிறது, என்எஃப்1 இருக்கிறதா, கதிர்வீச்சு வரலாறு, எத்தனை மாதத்தில் எவ்வளவு பெருத்தது. "சதைக் கட்டி, தயவு செய்து பார்க்கவும்" என்று எழுதினால் வருவதும் அதே அளவு விவரமுள்ள பதில்தான்.

எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். கேட்டு வாங்க வேண்டிய எம்ஆர்ஐ பட வகைகள் இவை: கொழுப்பை அடக்காத டி1, கொழுப்பை அடக்கிய டி2 அல்லது ஸ்டிர், டிஃப்யூஷன், கான்ட்ராஸ்டுக்கு முன்னும் பின்னும் டி1. வெட்டுத் தடிமன் 3 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ. முடிந்தால் 3 டெஸ்லா காந்தத் திறனுள்ள கருவி. கழுத்து, தோள் பகுதியில் சாதாரணக் கொழுப்பு அடக்கல் ஒரு பக்கம் வேலை செய்து மறுபக்கம் சொதப்பும், நரம்புப் பின்னல் மேல் போலி வெளிச்சம் விழும். அங்கே டிக்சன் முறையோ ஸ்டிரோ கேட்பது நல்லது. நரம்பின் நீளவாக்கில் ஒரு தொகுப்பு கட்டாயம் வேண்டும். குறுக்குவெட்டில் மட்டும் பார்த்தால் வால் தெரியாது.

இனி படத்தில் தேடுவது. கட்டியின் இரு முனையிலும் நீளும் வால், கொழுப்பை அடக்காத டி1-இல் கட்டியைச் சுற்றி மெல்லிய கொழுப்பு விளிம்பு, டி2-இல் இலக்குப் பலகை மாதிரி வெளியே வெளிச்சமும் நடுவில் கருமையும். நடுவில் நார் அடர்ந்திருப்பதும் வெளிப்புறத்தில் நீர்ப்பதமான திசு இருப்பதும் சேர்ந்துதான் இந்த வளையம். வளையம் இருந்தால் பெரும்பாலும் நல்ல கட்டி. இல்லை என்பதால் மட்டும் கெட்டது ஆகிவிடாது. வருடக்கணக்காக இருந்து உள்ளே சீரழிந்த ஷ்வானோமாவில் ரத்தக்கசிவும் நீர்ப்பைகளும் சேர்ந்து, பார்க்கவே பயமுறுத்தும் படம் வரும். அனுபவம் குறைந்தவர்கள் அதைச் சார்க்கோமா (மென்திசுப் புற்று) என்று எழுதுவது உண்டு.

கெட்ட கட்டியைச் சந்தேகிக்க வைப்பவை: 5 சென்டிமீட்டரைத் தாண்டிய அளவு, மங்கிய எல்லை, சுற்றியுள்ள திசுவில் வீக்கம், கான்ட்ராஸ்ட் விளிம்பில் மட்டும் ஏறி நடுவில் ஏறாமல் போவது, உள்ளே ஒழுங்கற்ற நீர்ப்பைகள். ஒன்று மட்டும் இருந்தால் பதற வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்தால் அடுத்த படிக்குப் போக வேண்டும். டிஃப்யூஷனில் ஏடிசி எண்ணையும் (திசுவுக்குள் நீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்ற அளவு) ரிப்போர்ட்டில் கேட்டு வாங்குங்கள். கட்டிக்குள் மிகக் குறைந்த ஏடிசி, வினாடிக்கு 1.0 × 10⁻³ சதுர மில்லிமீட்டருக்குக் கீழே போனால் செல்கள் நெருக்கமாக அடைந்திருக்கின்றன என்று அர்த்தம், சந்தேகம் கூடும். கட்டியின் சராசரி எண்ணை மட்டும் எழுதினால் ஒரு மூலையில் மாறத் தொடங்கிய பகுதி அந்தச் சராசரிக்குள் கரைந்துவிடும். அளக்க வேண்டியது மிகவும் இருண்ட மூலையை.

எம்ஆர்ஐ மட்டுமே பிடிக்கக்கூடிய ஓர் அபூர்வத்தை இங்கே சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கோ இளைஞர்களுக்கோ ஒரே ஒரு கையில் அல்லது காலில் வலியே இல்லாமல் வருடக்கணக்கில் மெதுவாகக் கூடும் பலவீனம், தசை சூம்புதல். உருண்டை எதுவும் தட்டுப்படாது. ஒரு நரம்பு மட்டும் நீளத்துக்குக் கதிர் மாதிரி பருத்து, கான்ட்ராஸ்ட் ஏற்றியதும் சீராகப் பளிச்சிட்டால் நரம்புக்குள் வளரும் பெரிநியூரியோமாவை நினைக்க வேண்டும். இதை நரம்பு அழற்சி என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுப்பதும், ஒன்றும் ஆகாமல் நிற்பதும் வழக்கமான கதை.

நரம்பு ஓட்டப் பரிசோதனையையும் இஎம்ஜி என்ற தசை மின்பதிவையும் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. எந்த நரம்பு, எந்த மட்டம், எவ்வளவு சேதம் என்று சொல்லும். அறுவைக்கு முன் ஒரு பதிவு இருந்தால் பின்னால் ஒப்பிட உதவும். அதில் எல்லாம் சரியாக இருக்கிறது என்பது கட்டி இல்லை என்பதற்குச் சான்று அல்ல.

பெட் ஸ்கேன்: சரியான ஆளுக்கு மட்டும்

புதிதாகக் கண்ட ஒற்றைக் கட்டிக்கு எடுத்த எடுப்பில் பெட் எழுதுவது பணத்தையும் நிம்மதியையும் ஒருசேரக் கரைக்கும் வேலை. பெட் காட்டுவது குளுக்கோஸை அதிகம் உறிஞ்சும் இடங்களை. காரணம் எளிது: முழுக்க நல்ல கட்டியான ஷ்வானோமாவே குளுக்கோஸை அள்ளிக் குடிக்கும். எஸ்யூவி (எவ்வளவு உறிஞ்சியது என்ற எண்) 3.5-ஐத் தாண்டி ஒளிர்ந்து, "புற்றாக இருக்கலாம்" என்று ரிப்போர்ட் வரும். பிறகு அந்தப் பயத்தை இறக்குவது பெரும்பாடு.

என்எஃப்1 உள்ளவருக்கு உடம்பின் பல இடங்களில் பின்னல் நியூரோஃபைப்ரோமா (நரம்பின் பல கிளைகளில் படரும் வகை) இருந்து, அதில் ஒன்று மட்டும் வலிக்கத் தொடங்கினால் கதை மாறுகிறது. அங்கே பெட் தன் விலைக்குத் தகுந்த வேலை செய்யும். எந்த மூலை மாறியிருக்கிறது என்று காட்டும், ஊசி அங்கேயே போகலாம். எஸ்யூவி 2.5-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் நிம்மதி, 3.5-க்கு மேலே என்றால் பயாப்ஸி, இடைப்பட்டது இழுபறி என்று வைத்துக்கொள்ளும் வழக்கம் இந்தக் கூட்டத்துக்காக உருவானது. அதிலும் குளுக்கோஸ் ஊசி போட்டு 4 மணி நேரம் கழித்து இரண்டாம் முறை படம் எடுப்பது தெளிவைக் கூட்டும். கெட்ட திசுவில் ஒளி ஏறிக்கொண்டே போகும். மையத்துக்கு மையம் கருவி வேறு, கணக்கு வேறு என்பதால் எண்ணை மட்டும் நம்பாமல் கல்லீரலோடு ஒப்பிட்டு எழுதச் சொல்வது நல்லது. குறைந்தது 6 மணி நேரம் வெறும் வயிறு. சர்க்கரை எகிறியிருந்தால் படம் மங்கும், எண் குறைவாகக் காட்டும்.

ஊசி: எங்கே குத்துகிறோம் என்பதில்தான் எல்லாம்

மெல்லிய ஊசியால் உறிஞ்சும் எஃப்என்ஏ இந்தக் கட்டிகளுக்குப் பொருந்தாது. ஷ்வானோமாவின் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், உறிஞ்சினால் வராது. குத்தும்போது உயிர் போகும் வலி மட்டும் மிச்சம். அந்த வலியே ஒரு தடயம் என்று சொல்வதுண்டு. அதற்காக யாரையும் குத்தத் தேவையில்லை.

தேவை, திசுவைத் துண்டாகவே எடுக்கும் கோர் பயாப்ஸி, 14 முதல் 18 கேஜ் ஊசியில், அல்ட்ராசவுண்ட் அல்லது சிடி பார்த்தபடி, குறைந்தது மூன்று நான்கு துண்டுகள். எம்ஆர்ஐயில் ஏடிசி மிகக் குறைந்த மூலையிலிருந்தோ பெட்டில் மிகவும் ஒளிர்ந்த மூலையிலிருந்தோ எடுக்க வேண்டும். நடுவில் அழுகிப்போன பகுதியில் குத்தினால் "நசிந்த திசு, முடிவு சொல்ல இயலாது" என்று திரும்பி வரும். கட்டியின் ஓரத்தில் நரம்பிழைகள் எங்கே ஒதுங்கியிருக்கின்றன என்று படத்தில் பார்த்து, எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைய வேண்டும். புற்று என்று வந்தால் ஊசி போன பாதையையும் சேர்த்து எடுக்க நேரிடும் என்பதால், பாதையை அறுவை செய்யப்போகும் டாக்டர் முடிவு செய்ய வேண்டும், ஊசி போடுபவர் தன் வசதிக்கு அல்ல.

முதுகெலும்பை ஒட்டியோ, சிறுநீரகத்துக்கு அருகிலோ, கழுத்தில் கரோட்டிட் குழாய் பக்கமோ கட்டி இருந்தால் ஊசி எடுப்பதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை: மெட்டனெஃப்ரின். நரம்பு உறைக் கட்டி என்று நினைத்தது பாராகேங்க்ளியோமாவாக (அட்ரினலின் வகை ஹார்மோனைச் சுரக்கக்கூடிய கட்டி) இருந்தால், ஊசி பட்டதும் ரத்த அழுத்தம் உச்சிக்குப் போகலாம். இந்த ஒரு பரிசோதனையை மறந்து ஆபத்தில் மாட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

எல்லோருக்கும் பயாப்ஸி தேவை என்றும் இல்லை. வால், வளையம், தெளிவான எல்லை, சின்ன அளவு, வளர்ச்சி இல்லை, என்எஃப்1 இல்லை. இப்படி ஒரு ஷ்வானோமாவைக் குத்தாமல் கவனிக்கலாம், அல்லது தொந்தரவு தந்தால் நேராக எடுத்துவிடலாம். குத்திவிட்டு எடுக்கப் போனால் உள்ளே ஒட்டிப்போய், உறைக்கும் நரம்பிழைக்கும் இடையே பிரியும் தளம் கலைந்திருக்கும்.

எடுத்த துண்டுகள் 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில், திசுவைப் போல குறைந்தது 10 மடங்கு அளவு திரவத்தில் உடனே போக வேண்டும். உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சில் சுற்றி மாலை வரை வைத்திருந்தால் பின்னால் வரும் சாயங்கள் ஏமாற்றும். அறுவை மேஜையிலேயே உறையவைத்துப் பார்க்கும் ஃப்ரோசன் ரிப்போர்ட்டை நம்பி ஒரு நரம்பை வெட்டி எடுக்கக் கூடாது. செல்கள் அடர்ந்த ஷ்வானோமா அதில் சார்க்கோமா வேஷம் போடும்.

பேத்தாலஜி: ஒரு வரி ரிப்போர்ட்டை ஏற்க வேண்டாம்

கடைசித் தீர்ப்பு இங்கேதான். ஒரே மருத்துவமனையில் ஒரே ஸ்லைடை இருவர் இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய இடமும் இதுதான். "ஸ்பிண்டில் செல் கட்டி, நரம்பு உறை சார்ந்தது, மருத்துவக் குறிப்புகளோடு ஒப்பிடவும்" என்பது பதில் அல்ல, பாதி வழியில் நின்ற வேலை.

ஷ்வானோமாவில் செல்கள் நெருங்கிய அன்டோனி ஏ பகுதியும் தளர்ந்த பி பகுதியும் மாறி மாறி வரும். ஏ பகுதியில் உட்கருக்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே அணிவகுத்து நிற்கும். 1910-இல் வெரோகாய் விவரித்ததால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். எஸ்100 சாயமும் சாக்ஸ்10 சாயமும் கிட்டத்தட்ட எல்லா செல்லிலும் அழுத்தமாகப் பிடிக்கும். நியூரோஃபைப்ரோமாவில் எஸ்100 ஒரு பகுதி செல்களில் மட்டும் பிடிக்கும், மீதியில் சிடி34 விரல்ரேகை மாதிரி வலைப்பின்னலாகத் தெரியும், நியூரோஃபிலமென்ட் சாயம் போட்டால் நரம்பிழைகள் கட்டிக்கு ஊடாகவே ஓடுவது தெரியும். பெரிநியூரியோமாவில் தலைகீழ்: எஸ்100 பிடிக்காது, ஈஎம்ஏ, க்ளாடின்1, க்ளூட்1 பிடிக்கும். நரம்புக்குள் வளரும் வகையில் ஒரு நரம்பிழையைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக செல்கள் சுற்றியிருக்கும். அந்த அடுக்குகள் ஈஎம்ஏவுக்குப் பிடித்தால் பெரிநியூரியோமா, எஸ்100-க்குப் பிடித்தால் நாள்பட்ட அழற்சியாலோ பரம்பரை நரம்பு நோயாலோ வந்த அடுக்கு. இந்த ஒரு சாயத்தைப் போடாமல் எழுதிய ரிப்போர்ட் வாழ்நாள் சிகிச்சையையே மாற்றிவிடும்.

எம்பிஎன்எஸ்டிதான் மிகக் கடினம். இதற்கென்று நம்பகமான ஒற்றைச் சாயம் கிடையாது. எஸ்100, சாக்ஸ்10 இரண்டும் பாதிக் கட்டிகளில் பிடிக்காது, பிடித்தாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். எல்லா செல்லிலும் எஸ்100 அழுத்தமாகப் பிடித்த ஒரு கொடிய கட்டியைப் பார்த்தால் முதலில் மெலனோமாவை (நிறமிச் செல் புற்று) நினைக்க வேண்டும். இன்னொரு பக்கம் சைனோவியல் சார்க்கோமா அச்சு அசலாக இதே மாதிரி வேஷம் போடும். அதைப் பிரிக்க எஸ்எஸ்18 மரபணு இணைவைத் தேட வேண்டும்.

இப்போது பலரும் சாய்ந்து நிற்கும் தூண் எச்3கே27எம்இ3 சாயம். உயர்தர எம்பிஎன்எஸ்டிகளில் பலவற்றில் இது உட்கருவிலிருந்து முற்றிலும் காணாமல் போகும். கதிர்வீச்சால் வந்தவற்றிலும் தனியாக வந்தவற்றிலும் கூடுதலாக. ஆனால் ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது கட்டியை அல்ல, அதற்குள் ஓடும் ரத்தக் குழாயின் உட்சுவர் செல்களையும் இடையிடையே கிடக்கும் லிம்போசைட் என்ற வெள்ளணுக்களையும். அவற்றின் உட்கரு பழுப்பாகப் பிடித்திருந்து, பக்கத்தில் கட்டிச் செல்லின் உட்கரு மட்டும் நீலமாக நின்றால்தான் அது இழப்பு. குழாய் செல்களும் நீலமாகவே இருந்தால் சாயமே வேலை செய்யவில்லை, ரிப்போர்ட்டில் எழுத அதற்குத் தகுதி இல்லை. மங்கலாக, அங்கங்கே குறைந்திருப்பதும் கணக்கில் வராது. சாயம் இருக்கிறது என்பதால் எம்பிஎன்எஸ்டி இல்லை என்று சொல்லவும் முடியாது. எபிதெலியாய்டு என்ற உருண்டைச் செல் வகையில் இது இழக்கப்படுவதே இல்லை. அதில் எஸ்100 அழுத்தமாகப் பிடிக்கும், பெரும்பாலானவற்றில் ஐஎன்ஐ1 காணாமல் போகும்.

நல்லதற்கும் கெட்டதற்கும் நடுவில் ஒரு திண்ணை இருக்கிறது. என்எஃப்1 உள்ளவரின் நியூரோஃபைப்ரோமாவில் செல் உருவக் கோளாறு, ஒழுங்கு குலைதல், செல் நெருக்கம், மைக்ரோஸ்கோப்பில் 50 பார்வைப் புலங்களில் ஒன்றுக்கு மேல் ஆனால் 10 புலங்களில் மூன்றுக்குக் குறைவான செல் பிரிவு ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு இருந்தால் அதை அன்னப் (போக்கு நிச்சயமில்லாத கட்டி) என்று சுருக்கிச் சொல்லும் தனி வகுப்பில் வைக்கிறார்கள். 2017-இல் வந்த ஒருமித்த வரையறை இது. 10 புலங்களில் 3 முதல் 9 பிரிவு, நசிவு இல்லை என்றால் குறைந்த தர எம்பிஎன்எஸ்டி. 10 அல்லது அதற்கு மேல், அல்லது 3 முதல் 9-ஓடு நசிவும் சேர்ந்தால் உயர்தரம். இதனால்தான் ரிப்போர்ட்டில் செல் பிரிவு எண்ணிக்கை எண்ணாகவே இருக்க வேண்டும். "அவ்வப்போது காணப்படுகிறது" என்ற சொல்லை வைத்துக்கொண்டு யாராலும் முடிவெடுக்க முடியாது. ஊசித் துண்டில் இந்த எண்ணிக்கை குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வருடக்கணக்கில் இருந்த ஷ்வானோமாவில் உட்கருக்கள் பெருத்துக் கோணிப்போய்க் கிடப்பது வெறும் முதுமை. செல் பிரிவு இல்லை, சாயம் எல்லா செல்லிலும் இருக்கிறது என்றால் பயம் வேண்டாம்.

கருநிறமி கொண்ட கட்டிக்குத் தனிக் கவனம் வேண்டும். மெலனோடிக் ஷ்வானோமா என்று முன்பு மென்மையாகப் பெயர் வைத்திருந்தார்கள். பார்க்கச் சாதுவாக இருப்பதே கூடப் பரவக்கூடியது என்று தெரிந்ததால் 2020-இல் உலக சுகாதார நிறுவன வகைப்பாடு அதை மெலனோடிக் புற்று வகையாகவே பெயர் மாற்றிவிட்டது. எம்ஆர்ஐயில் டி1-இலேயே வெளிச்சமாகத் தெரியும், முதுகெலும்பு நரம்பு வேர்களில் அதிகம். பிஆர்கேஏஆர்1ஏ சாயம் காணாமல் போயிருந்தால் கார்னி கூட்டுநோய் என்ற மரபு நோய் இருக்கிறதா என்று பார்த்து, இதயத்தில் மிக்சோமா என்ற கட்டி உண்டா என்று எக்கோ எடுக்க வேண்டும். பழைய பெயரில் வந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "நல்ல கட்டிதானே" என்று இருப்பவர்கள் ஒருமுறை திரும்பப் போய்க் காட்டுவது நல்லது.

இரண்டாம் கருத்து கேட்கும்போது வெறும் ஸ்லைடை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். மெழுகு பிளாக், அல்லது 4 மைக்ரான் தடிமனில் சாயமிடாத 10 முதல் 15 ஸ்லைடுகள், அதோடு எம்ஆர்ஐயின் மூலக் கோப்பு இருக்கும் சிடி. ஃபிலிமை போனில் படம் பிடித்து அனுப்பினால் அதில் யாரும் எதையும் அளக்க முடியாது.

மரபணு: எப்போது, எதில்?

ஒற்றை ஷ்வானோமா, குடும்பத்தில் யாருக்கும் இல்லை, வயதானவர் என்றால் தேவையில்லை. இளம் வயது, ஒன்றுக்கு மேற்பட்ட ஷ்வானோமா, இரண்டு காது நரம்பிலும் கட்டி என்றால் கேட்க வேண்டும். 2022-இல் பெயர் முறை மாறியது. முன்பு என்எஃப்2 என்றது இப்போது என்எஃப்2 சார்ந்த ஷ்வானோமாடோசிஸ் (பல ஷ்வானோமா வரும் மரபு நோய்). எஸ்எம்ஏஆர்சிபி1, எல்இசட்டிஆர்1 மரபணுக்கள் சார்ந்தவை தனித்தனி. பழைய ரிப்போர்ட்டும் புதிய ரிப்போர்ட்டும் வேறு பெயர் சொல்வதால் நோய் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தால் விஷயம் முடிந்தது என்று எழுந்து வரக் கூடாது. உடம்பின் ஒரு பகுதி செல்களில் மட்டும் மாற்றம் இருக்கும் மொசைக் நிலையில் ரத்தம் சுத்தமாகவே இருக்கலாம். அப்போது இரண்டு வெவ்வேறு இடத்துக் கட்டிகளைச் சோதித்து, இரண்டிலும் ஒரே மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்குத்தான் எடுத்த கட்டியின் ஒரு பகுதியை உறையவைத்து வைப்பது. எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் டிஎன்ஏ துண்டு துண்டாகிச் சில பரிசோதனைகள் தோற்கலாம்.

எடுக்காமல் கவனிப்பது என்று முடிவானால், ஒவ்வொரு ஸ்கேனும் அதே மையத்தில், அதே வரிசைகளில், அதே தளத்தில் அளக்கப்பட வேண்டும். பின்னல் கட்டிக்கு நீள அகலம் உதவாது. கன அளவு வேண்டும். 20 சதவீதம் கூடினால்தான் வளர்ச்சி என்று வைத்திருக்கிறார்கள். ரேடியாலஜிஸ்டிடம் முந்தைய படத்தை மட்டும் கொடுத்தால், ஒவ்வொரு முறையும் 6, 7 சதவீதம் கூடியது "குறிப்பிடத்தக்க மாற்றமில்லை" என்றே வந்துகொண்டிருக்கும். மூன்று நான்கு ஸ்கேனில் அது எல்லையைத் தாண்டியிருப்பது யார் கண்ணிலும் படாது. முதல் ஸ்கேனின் சிடியையும் கூடவே கொடுத்து, அதோடும் ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.